பழைய உத்தரத்தில் ஒரு மேசை

பழைய மரம் என்றால் மலிவு என்று நினைத்துக்கொண்டுதான் எங்கள் பட்டறைக்குப் பாதிப் பேர் வருகிறார்கள். விலையைச் சொன்னதும், "ஏம்மா, பழசுதானே இது? புது மரமே இந்த விலைக்கு வராதே" என்பார்கள். நான் வாதாடுவதில்லை. சுவரோரம் சாத்தி வைத்திருக்கும் உத்தரம் ஒன்றின் மேலேயே சாக்பீஸால் கணக்குப் போட்டுக் காட்டிவிடுவேன்.

6 அங்குல அகலம், 4 அங்குலக் கனம், 12 அடி நீளம். மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் 2 கன அடி. வீட்டை இடித்தவரிடம் இந்த இரண்டு கன அடிக்கும் பணம் எண்ணிக் கொடுத்தாயிற்று. இனிமேல்தான் கழிவு ஆரம்பம். சுவருக்குள் புதைந்திருந்த முனைகள் ஈரம் குடித்தோ கரையான் ஏறியோ கெட்டிருக்கும். பக்கத்துக்கு ஓர் அடி அறுத்துத் தள்ளினால் மிச்சம் 10 அடி. மேலே புகையும் சுண்ணாம்பும் படிந்திருக்கும். நாலு முகத்திலும் இரண்டு நூல் இழைத்தால்தான் உள்ளே இருக்கும் மரம் முகம் காட்டும். ஆசாரிக் கணக்கில் 8 நூல் ஓர் அங்குலம். ஆக ஐந்தரைக்கு மூன்றரை, 10 அடி. வகுத்துப் பாருங்கள், 1.34 கன அடிதான் வரும். மூன்றில் ஒரு பங்கு தூளாகவும் துண்டாகவும் போய்விட்டது. ஆணி பிடுங்கிய கூலியை நான் இன்னும் சேர்க்கவில்லை.

உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி வழியாக வந்தவாசி போகிற சாலையை ஒட்டிய கிராமம் எங்களுடையது. பட்டறை என்றால் பெரிதாக எதுவும் இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. மாமனார் மரத்தைப் பார்த்து, அளந்து, கோடு போடுவார். என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் அறுத்து, இழைத்து, பூட்டுவார்கள். ஆணி பிடுங்குவது, பெயின்ட் சுரண்டுவது, உப்புத்தாள் தேய்ப்பது, பாலிஷ் போடுவது, கணக்கு எழுதுவது எல்லாம் என் பொறுப்பு. வருகிறவர்கள் பாலிஷைத்தான் முதலில் பாராட்டுகிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. வீட்டில் யாரும் அதை ஒப்புக்கொள்வதில்லை.

மாமனாரின் அப்பா காலத்தில் இங்கே நாற்காலி மேசைக்கெல்லாம் வேலையே இல்லை. கலப்பை, நுகத்தடி, வண்டிச் சக்கரம், ஏற்றம் இவைதான். ஏரிப் பாசனத்து ஊர் என்பதால் உழவு இருந்தவரை ஆசாரிக்கு வேலை இருந்தது. கூலி, அறுவடைக் களத்தில் நெல்லாக வரும். கலப்பைக்கும் சக்கரத்துக்கும் கருவேல மரம். ஆரக்காலும் வட்டையும் குடமும் தனித்தனியாகச் செய்து, பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பட்டையை மேலே மாட்டித் தண்ணீர் ஊற்றினால், பட்டை சுருங்கி எல்லாவற்றையும் ஒரே பிடியாகப் பிடித்துக்கொள்ளும். டிராக்டர் வந்தது, டயர் வண்டி வந்தது. அந்த வேலை போயிற்று. பிறகு நிலைக்கதவும் சன்னலும் செய்தார்கள். அதற்கும் இரும்பு, பிளைவுட், பிளாஸ்டிக் கதவு என்று வரிசையாகப் போட்டி. இப்போது, தாத்தா காலத்தில் ஏதோ ஓர் ஆசாரி வீட்டுக் கூரையில் ஏற்றி வைத்த மரத்தை இறக்கி, அதில்தான் பிழைக்கிறோம்.

இந்த மரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டுமானால், இந்தப் பக்கத்து வீடுகள் எப்படிக் கட்டப்பட்டன என்று தெரிய வேண்டும். உத்திரமேரூர் என்றதும் எல்லோருக்கும் குடவோலைத் தேர்தல் ஞாபகம் வரும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள். சபைக்கு வர வயது 35-லிருந்து 70-க்குள் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் விதி உண்டு. விதி கல்லில் நிற்கிறது. அந்தச் சொந்த மனை வீடுகளில் ஒன்றுகூட நிற்கவில்லை. மண்ணும் மரமும் ஓலையும் அவ்வளவுதான் தாங்கும். இன்று நாங்கள் பிரிக்கிற வீடுகள் அறுபது, நூறு வருஷத்துக்கு உட்பட்டவை.

இரண்டு வகை வீடுகள் அதிகம். ஒன்று நாட்டு ஓட்டு வீடு. அதன் கைமரம் பெரும்பாலும் பனை. இன்னொன்று, வசதியானவர்கள் கட்டிய மாடி வீடு; 'மெட்ராஸ் டெரஸ்' என்பார்கள். சுவருக்குச் சுவர் நெருக்கமாகத் தேக்குக் கட்டைகளை அடுக்கி, அவற்றின் மேல் சின்னச் செங்கல்லைச் சாய்வாட்டத்தில் நிற்க வைத்துச் சுண்ணாம்புச் சாந்தில் பிணைத்து, மேலே செங்கல் ஜல்லி, அதற்கு மேல் தட்டோடு. சிமென்ட்டும் கம்பியும் வருமுன் காஞ்சிபுரம், செங்கல்பட்டு, சென்னை எங்கும் இதுதான் மாடித் தளம். ஒரு கூடத்தைப் பிரித்தாலே ஒரு டிராக்டர் கட்டை இறங்கும்.

நல்ல தேக்கு என்றால் அநேகமாக பர்மாக்காரன். அது வந்த கதை சாதாரணமானது இல்லை. பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் பர்மாக் காட்டில், நிற்கிற மரத்தின் அடியில் பட்டையோடு அதற்கடுத்த வெளிமரமான வெள்ளையையும் சுற்றி வெட்டிவிட்டு, இரண்டு மூன்று வருஷம் அப்படியே நின்று காய விடுவார்கள். பிறகு வெட்டி, யானையை வைத்து ஆற்றுக்கு இழுத்து, தெப்பமாகக் கட்டி ரங்கூனுக்கும் மௌல்மீனுக்கும் மிதக்க விடுவார்கள். 1863-இல் தொடங்கிய பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன், வெட்டிய மரத்துக்குச் சரியாக வரி கட்டவில்லை என்று திபா மன்னர் அபராதம் போட்டார். அதையே சாக்காக வைத்து 1885-இல் ஆங்கிலேயர் மேல் பர்மாவையும் எடுத்துக்கொண்டார்கள். மன்னர் ரத்னகிரியில் சிறையிருந்து 1916-இல் இறந்தார். அந்த மரம்தான் செட்டிநாட்டு மாளிகைகளில் தூணாயிற்று, எங்கள் ஊர்ப் பக்கத்து மிராசுதார் வீடுகளில் கட்டையாயிற்று. 2014 ஏப்ரல் முதல் மியான்மர் உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. இன்று தூத்துக்குடியில் இறங்கும் தேக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் வருகிறது. பலவும் தோட்டத்தில் வேகமாக வளர்த்த இள மரம். வெள்ளை அதிகம், வைரம் குறைவு. காட்டில் மெதுவாக வளர்ந்த மரத்தின் நெருக்கமான வளையம் அதில் இருக்காது. பழைய கட்டைக்கு நான் சொல்கிற விலைக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் பழசெல்லாம் நல்லது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வண்டியிலிருந்து இறங்குவதில் எங்கள் மாமனார் திருப்பி அனுப்புகிறதும் நிறைய. முதலில் தட்டிப் பார்ப்பார். உளுத்த இடம் மொத்தையாகச் சத்தம் கொடுக்கும். கத்தி முனையால் குத்துவார். வைரத்தில் முனை இறங்காது. ஓரத்தில் ஒரு சீவல் எடுத்து மோந்து பார்ப்பார். தேக்கு எத்தனை வருஷமானாலும், புதிதாகச் சீவிய இடத்தில் தோலும் எண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாசம் அடிக்கும். வேங்கை என்றால் ஈரம் பட்ட இடத்தில் சாயம் இறங்கும். கோங்கும் பிள்ளமருதும் கனத்திலேயே தெரிந்துவிடும். பொடி பொடியாக மாவு கொட்டியிருந்தால் உள்ளே வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கட்டையை மற்றதோடு சேர்த்து வைக்கவே விட மாட்டார்.

ரயில் கட்டையும் வாங்க மாட்டோம். ரயில்வே கான்கிரீட்டுக்கு மாறிய பிறகு அந்த மரக் கட்டைகள் நிறைய வெளியே வந்தன. பார்க்கவும் கம்பீரமாக இருக்கும். ஆனால் கரையான் தொடாமலிருக்க அவற்றுக்கு நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த எண்ணெயை ஏற்றியிருப்பார்கள். தோட்டத்து வேலிக்குச் சரி. சாப்பிடுகிற மேசைக்கும் பிள்ளை படுக்கிற கட்டிலுக்கும் கூடாது.

இனி என் வேலைக்கு வருகிறேன். ஆணி. ஒரு நிலைக்கதவில் மாவிலைத் தோரணத்துக்கு அடித்தது, காலண்டருக்கு அடித்தது, தேர்தல் சமயத்தில் யாரோ தட்டி கட்ட அடித்தது என்று ஒரு தலைமுறையின் ஆணிகள் இருக்கும். தலை தெரிகிற ஆணி பிரச்சினை இல்லை. தலை முறிந்து உள்ளே தங்கியதுதான் ஆபத்து. இழைப்பு மிஷினில் போனால் பிளேடு பல் போய்விடும்; துண்டு பறந்தால் கண்ணும் போகும். அதனால் முதலில் காந்தம், பிறகு கையில் பிடித்துத் தடவுகிற உலோகம் காட்டும் கருவி, கடைசியில் என் விரல். தேக்கில் ஆணி இருந்த இடத்தைச் சுற்றிக் கறுப்பாகக் கறை பிடித்திருக்கும். அதைத் தேய்த்து எடுக்கச் சொல்கிறவர்களும் உண்டு, இருக்கட்டும் என்கிறவர்களும் உண்டு. நான் இரண்டாம் கட்சி.

அடுத்தது பெயின்ட். கிராமத்து வீட்டுப் பழைய கதவென்றால் பச்சையோ நீலமோ நாலைந்து கோட் ஏறியிருக்கும். இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியவில்லை. பழைய பெயின்டில் ஈயம் உண்டு. வீட்டுப் பெயின்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்கிற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்டைக் காய்ந்தபடியே உப்புத்தாளால் தேய்த்தால், அந்தத் தூள் மூச்சில் போகிறது. தரையில் தவழ்கிற குழந்தையின் வாயிலும் போகிறது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். நெருப்புக் காட்டி உரிப்பதும் தப்பு, புகையிலேயே ஏறும். நான் பெயின்ட் உரிக்கும் மருந்தைப் பூசி, ஊறியதும் ஈரத்தோடு சுரண்டி, அந்தக் கசடைத் தனியாகச் சாக்கில் கட்டுகிறேன். முகக்கவசம் இல்லாமல் உட்காருவதில்லை. பெயின்ட் இல்லாத வெறும் மரத்தூளும் லேசுப்பட்டதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புற்றுநோய் வரவழைக்கும் பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. "எங்க காலத்துல மூஞ்சில துணி கட்னமா?" என்று மாமனார் கேட்பார். ராத்திரி முழுக்க அவர் இருமுவதைக் கேட்கிறவள் நான். இப்போது அவருக்கும் ஒன்று வாங்கி மாட்டிவிட்டாயிற்று.

பாலிஷுக்கு அரக்குதான். மரத்தில் வாழும் ஒரு சின்னப் பூச்சி சுரக்கிற பிசின்; ஜார்க்கண்ட் பக்கத்திலிருந்து செதில் செதிலாக வருகிறது. ஸ்பிரிட்டில் ஊற வைத்து, பஞ்சு வைத்துக் கட்டிய துணிப் பொட்டலத்தால் மெல்லியதாகத் தேய்த்துத் தேய்த்து ஏற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதைத் தொட்டால் காற்றின் ஈரம் ஏறி வெள்ளை பூத்துவிடும். அப்போது வெயிலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். தீபாவளிக்கு முன் சாமான் வேண்டும் என்கிறவர்களிடம் இதற்காகத்தான் பேச்சு வாங்குகிறேன். சூடான பாத்திரத்தை நேரே வைத்தால் அரக்கில் வட்டம் விழும். ஆனால் மறுபடி ஒரு கை தேய்த்தால் அது போய்விடும். பிளாஸ்டிக் மாதிரி மினுங்குகிற புதுவகைப் பூச்சு அப்படி இல்லை. கீறல் விழுந்தால் முழுக்கச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டும்.

இந்தத் தொழிலில் நான் கற்றதில் பெரிது பாலிஷ் இல்லை, மரத்தோடு மரத்தைச் சேர்க்கிற பூட்டு. எனக்கு இதைப் புரிய வைத்தது ஒரு பழைய நிலை. பார்க்கக் கெட்டியாக இருந்தது. என் வீட்டுக்காரர் மூலையில் இருந்த மூங்கில் ஆணியைத் தட்டி வெளியே எடுத்தார். கழுந்து துளையிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. உளியின் தடம் உள்ளே அப்படியே இருந்தது. பசை இல்லை, இரும்பு ஆணி இல்லை. செய்த ஆள் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம்; அவர் செய்ததை உடைக்காமல் பிரிக்க முடிகிறது. பழைய மரம் இன்று நம் கைக்கு வருகிறது என்றால் அதற்குக் காரணம் மரத்தின் வயது மட்டும் இல்லை. பிரிக்க முடிகிற மாதிரி செய்து வைத்தார்கள். அதுதான்.

பெவிகால் 1959-இல் வந்தது. அதற்கு முன்பும் ஆசாரிகளிடம் வச்சிரம் என்கிற தோல் பசை இருந்தது. ஆனால் அது சூடும் ஈரமும் பட்டால் விட்டுக்கொடுக்கும். இன்றைய பசை விடாது. அதனால் ஒரு மேசையின் காலை மாற்ற வேண்டுமென்றால் சட்டத்தை உடைக்க வேண்டியிருக்கிறது. பிளைவுட் அலமாரி நனைந்து உப்பினால் அடுப்புக்கும் ஆகாது, பசையின் புகைதான் மிஞ்சும். நாங்கள் பசையே தொடுவதில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பலகையோடு பலகை சேர்க்கிற இடத்தில் உண்டு. ஆனால் கால், சட்டம், கட்டில் தலைமாடு எல்லாம் கழுந்தும் ஆப்பும்தான். மேசைப் பலகையையும் சட்டத்தோடு இறுக்கி ஒட்ட மாட்டோம்; காஞ்சிபுரத்து வெக்கையிலிருந்து சென்னையில் ஏசி அறைக்குப் போகிற மரம் எத்தனை பழசானாலும் கொஞ்சம் சுருங்கும், அதற்கு இடம் வேண்டும். நேரமாகிறதே, பசையைப் போட்டு முடிக்கலாமே என்று கொழுந்தனார் ஒருநாள் சொன்னதற்கு மாமனார் கேட்டார்: "நீ ஒட்டிட்டு போய்டுவ. உனக்கு அப்புறம் வர்ற ஆசாரி இன்னா பண்ணுவான்?"

பிரிப்பதும் பூட்டுவதும் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க ஆசைப்பட்டால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவுக்குப் போங்கள். 1996-இல் திறந்தார்கள். செட்டிநாட்டு வீடு, கேரளத்தில் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவ வீடு என்று முழு வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். பிள்ளைகள் பொம்மலாட்டம் பார்க்கப் போவார்கள். நாங்கள் குடும்பத்தோடு போய் அண்ணாந்து கூரையைப் பார்த்துவிட்டு வந்தோம்.

மற்றவர்கள் ஒதுக்கிய மரத்தை மதித்த ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜார்ஜ் நகாஷிமா, அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியர். 1930-களின் பிற்பகுதியில் எங்களுக்குத் தெற்கே புதுச்சேரியில், அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டட வேலையைப் பார்த்துக்கொண்டார். அதற்கான மரச் சாமான்களையும் வடிவமைத்தார். ஆசிரமத்தில் அவருக்குச் சுந்தரானந்தா என்று பெயர். அமெரிக்கா திரும்பியதும் போர் வந்தது. 1942-இல், ஜப்பானியர் என்பதற்காக, மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஐடஹோவில் ஒரு முகாமில் அடைத்தார்கள். அங்கே ஹிகோகாவா என்கிற ஜப்பானியத் தச்சரிடம், கழிவுப் பலகையையும் பாலைவனத்துக் குச்சிகளையும் வைத்தே வேலை கற்றார். பிற்பாடு பென்சில்வேனியாவில் பட்டறை வைத்தார். மற்றவர்கள் வெடிப்பு விட்டது என்று ஒதுக்கிய பலகையை எடுத்து, வெடிப்பின் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு கட்டையைப் பதித்து, அது மேலும் பிளக்காமல் நிறுத்துவார். 1964-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்தும் வேலை செய்தார். 1990-இல் இறந்தார். முகாமில் கைக்குழந்தையாக இருந்த மகள் மிராதான் பிறகு அந்தப் பட்டறையை எடுத்து நடத்தினார். எங்கள் உத்தரங்களில் வெடிப்பு இல்லாதது எது? அந்தக் கட்டைப் பூட்டை நாங்களும் போடுகிறோம். தேக்கு மேசையில் கருவேலத்தில் பதித்தால் எடுப்பாகத் தெரியும்.

எல்லோருக்கும் தேக்கு வேண்டியிருக்கிறது. எனக்கென்னவோ பனை மேல்தான் ஆசை. பனையின் பலம் வெளி ஓரத்தில், நடுவில் சோறுதான். முற்றிய பனையின் கைமரத்தை இழைத்தால் கறுப்பும் பழுப்புமாகக் கோடு ஓடும். நார் கையில் ஏறும், இழைப்புளியைத் தீட்டித் தீட்டி அலுத்துப்போகும். இருந்தும் அதில் ஒரு பெஞ்சு செய்து திண்ணையில் போட்டால் தேக்குக்காரன் திரும்பிப் பார்ப்பான். பனை நம் மாநில மரம். 2021-இல் வந்த வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். நியாயம்தான். அதே சமயம், ஓட்டு வீட்டை இடிக்கிற இடத்திலெல்லாம் பனங்கைகள் செங்கல் சூளைக்கு விறகாகப் போகின்றன. அதைக் கேட்பார் இல்லை.

கடைசியாக வியாபாரத்தில் நடக்கிற ஒன்று. புது மரத்தைச் சங்கிலியால் அடித்து, கறுப்புச் சாயம் ஏற்றி, 'நூறு வருஷப் பழசு' என்று விற்கிறார்கள். மேசையைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். நிஜமான பழைய மரத்தில் அடைத்த துளைகள், பழைய பூட்டு வெட்டிய இடம் எங்காவது இருக்கும். சாயம் ஏற்றியதில் மேலே மட்டும்தான் வயசு. நிஜமாகவே நூறு வருஷம் தாண்டிய சிற்ப வேலைக் கதவு, தூண் என்றால் அது 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கோயில் மரம், தேர் மரம், வாகனம் எதையும் எங்கள் பட்டறையில் இறக்க மாட்டோம். நல்ல நிலையில் நிற்கிற வீட்டைத் தூணுக்காகப் பிரிக்கக் கூப்பிட்டாலும் போக மாட்டோம். 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கிற செட்டிநாட்டு ஊர்களிலேயே தூணும் கதவும் தனித்தனியாகப் பெயர்ந்து ஓட்டல்களுக்குப் போகின்றன. மரம் நின்ற இடத்தில் நிற்பதுதான் அதற்கு நல்லது. அந்த வீடு இனி நிற்காது என்று ஆன பிறகுதான் எங்கள் வேலை.

உங்கள் ஊரில் பழைய வீட்டை இடிக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்று செய்யுங்கள். இடிக்கிற கான்ட்ராக்டர், 'மரத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், கூலியில் கழித்துக்கொள்ளுங்கள்' என்பார். சம்மதிப்பதற்கு முன் பக்கத்தில் இருக்கிற ஆசாரியை ஒரு தரம் கூப்பிட்டுக் காட்டுங்கள். எங்களிடம்தான் விற்க வேண்டும் என்பதில்லை. ஜேசிபி ஒரே இடியில் உத்தரத்தை இரண்டாக முறித்துவிடும். ஆள் வைத்து மேலிருந்து கீழே இறக்க இரண்டு நாள் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான். இறக்கியதை மண்ணில் போடாமல் செங்கல் மேல் அடுக்குங்கள், மழை படாமல் மூடுங்கள். உடனே செய்ய வசதி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளைக்குக் கல்யாணம் வரும்போது அதே மரத்தில் ஒரு கட்டில் செய்துகொள்ளலாம்.